பதக்கத்துக்குப் பின்னான வாழ்வு: ஜிம்னாஸ்டிக் சாம்பியன்களின் பிற்காலம் குறித்த விளக்கங்கள்

1976இல் மொன்றியலில் முழுப்புள்ளி பெற்று உலகை வியக்கவைத்த நாடியா கொமனேச்சி, 13 ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் கால்நடையாக எல்லை கடந்து ருமேனியாவை விட்டு வெளியேறினார். 1978இல் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை எலெனா முகினா, 20 வயதில் பயிற்சியின்போது கழுத்து முறிந்து, எஞ்சிய 26 ஆண்டுகளும் கைகால் செயலிழந்த நிலையில் வாழ்ந்து 2006இல் மறைந்தார். ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டியோ, தம் 104ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், 2025 ஜனவரியில் காலமானார்.

மூவரும் ஒரே விளையாட்டின் உச்சியைத் தொட்டவர்கள். அவர்களின் பிற்காலம் ஏன் இவ்வளவு வேறுபட்டது? ஒரு சாம்பியனின் பின்வாழ்வை அவருடைய வயது தீர்மானிக்கிறதா, உடலா, அரசா, மனமா, அல்லது வேறொன்றா? கடந்த அரை நூற்றாண்டில் இக்கேள்விக்குப் பல விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதன்மையான ஐந்து விடைகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. பின்னர் நம் பிராந்தியத்தின் தெளிவான உதாரணமான தீபா கர்மாகரின் வாழ்வில் அவற்றைப் பொருத்திப் பார்த்து, கிழக்கிலங்கையின் மூதூர் போன்ற ஓர் ஊருக்கு அவை என்ன சொல்கின்றன என்று ஆராய்கிறது.

வயதே எல்லை என்ற விளக்கம்

மிகப் பரவலான கருத்து இதுதான்: ஜிம்னாஸ்டிக் சிறுவர்களின் விளையாட்டு; பருவமடைந்த உடல் அதற்கு ஒத்துவராது; எனவே 20 வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும், பிற்காலம் வெறுமையாகத்தான் இருக்கும். இக்கருத்து வேரூன்றியது 1970களில். 1972 மியூனிச்சில் 17 வயது ஓல்கா கோர்புட்டும், 1976இல் 14 வயது கொமனேச்சியும் பெற்ற புகழ், சிறிய உடல், கடினமான சுழற்சி, மிக இளம் வயதில் தொடங்கும் பயிற்சி என்ற வார்ப்பை உலகெங்கும் பரப்பியது.

ஆனால் அதற்கு முந்திய வரலாறு வேறு. கெலெட்டி தம் முதல் ஒலிம்பிக்கில் போட்டியிட்டபோது அவருக்கு 31 வயது. 1956 மெல்பேர்னில் நான்கு தங்கங்கள் வென்றபோது 35. சோவியத்தின் லரிசா லத்தினினா தம் 18 ஒலிம்பிக் பதக்கங்களில் கடைசியானவற்றை 29 வயதில் பெற்றார். ஆகவே சிறுமிச் சாம்பியன் இயற்கை தந்த வடிவமல்ல, ஒரு காலகட்டம் உருவாக்கிய வடிவம். சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனமே இதை உணர்ந்ததுபோல், குறைந்தபட்ச வயதை 1981இல் 14இலிருந்து 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. விதியை ஏமாற்றும் முயற்சிகளும் நடந்தன: 2000 சிட்னியில் சீனப் பெண்கள் அணி வென்ற வெண்கலம், ஓர் அங்கத்தவரின் வயது பொய்யாகக் காட்டப்பட்டதால் 2010இல் பறிக்கப்பட்டது.

அண்மைக்கால உதாரணங்கள் இவ்விளக்கத்தை மேலும் தளர்த்துகின்றன. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினா 1992 முதல் 2021 வரை எட்டு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். எட்டாவதில் அவருக்கு வயது 46. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2024 பாரிஸில் 27 வயதில் அனைத்துப் பிரிவுச் சாம்பியனானார். 1952க்குப் பின் இவ்வளவு வயதில் அப்பட்டத்தை வென்ற பெண் வேறில்லை. இவர்கள் அபூர்வமான உடல்வாகு கொண்டவர்கள் என்ற மறுப்பு எழலாம். அதை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. எனினும் வயது ஒரு காரணி, விதியல்ல என்ற அளவுக்குச் சான்று தெளிவாக உள்ளது.

உடல் கொடுக்கும் விலை

இரண்டாவது விளக்கம் காயத்தை மையமாக்குகிறது. முகினாவின் விபத்து இதன் முதன்மைச் சான்று. 1988இல் டோக்கியோவில் வால்ட் எனும் தாவல் பயிற்சியில் கழுத்து முறிந்த அமெரிக்கச் சிறுமி ஜூலிசா கோமெஸ் மூன்று ஆண்டுகளுக்குப் பின் இறந்தார். எடையைக் குறைக்கும் அழுத்தத்தில் உணவு உண்ணல் கோளாறுக்கு ஆளான கிறிஸ்டி ஹென்ரிக் 1994இல் 22 வயதில் மறைந்தார். மறு ஆண்டே அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் ரயன் எழுதிய நூல், இந்த மரணங்களைத் தனிப்பட்ட துரதிர்ஷ்டங்களாகப் பார்க்காமல் ஒரு பயிற்சி முறையின் விளைவுகளாகப் பார்க்கும்படி வாசகரை வற்புறுத்தியது.

இவ்விளக்கத்தின் பலம் அதன் நேர்மை; மேடையின் ஒளியில் மறைவதை அது வெளியே கொணர்கிறது. பலவீனம், காயத்தைத் தாவலின் கடினத்தோடு மட்டும் இணைத்துவிடுவது. முகினா விபத்துக்கு முந்திய ஆண்டில் முறிந்த காலுடன், அது சரியாகத் தேறுமுன்பே, மாஸ்கோ ஒலிம்பிக்குக்காகப் பயிற்சிக்குத் திரும்ப வைக்கப்பட்டார். அவரை வீழ்த்திய சுழற்சி ஆபத்தானதுதான், பின்னர் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டதும் உண்மைதான். ஆனால் ஆறாத காலுடன் அதைச் செய்யவைத்த முடிவு அவருடையதல்ல. மறுபுறம், வால்ட்டில் மிக ஆபத்தானதாகக் கருதப்பட்ட புரொதுனோவா தாவலை சுசோவித்தினா 2016 ரியோ இறுதிப்போட்டியில் 41 வயதில் முயன்றார். அது அவர் தாமே எடுத்த முடிவு. ஆபத்து இருவருக்கும் இருந்தது. அதை ஏற்பதா மறுப்பதா என்று சொல்லும் இடத்தில் இருவரும் ஒரே நிலையில் இருக்கவில்லை.

அரசு தாங்கும் என்ற நம்பிக்கை

மூன்றாவது நிலைப்பாடு சோசலிச நாடுகளில் பிறந்தது: சாம்பியன் நாட்டின் சொத்து, ஆகவே அவரைக் கடைசிவரை காப்பது நாட்டின் கடமை. லத்தினினா ஓய்வுபெற்ற பின் 1977 வரை சோவியத் பெண்கள் அணியின் பயிற்றுநராக இருந்தார். 1984 லொஸ் ஏஞ்சல்ஸில் ஆறு பதக்கங்கள் வென்ற சீனாவின் லி நிங் 1990இல் தம் பெயரிலேயே விளையாட்டு உடை நிறுவனம் தொடங்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே. இவர்களைப் பார்த்தால் இந்த ஏற்பாடு வெற்றிபெற்றதாகத் தோன்றும்.

ஆனால் சொத்தாகக் கருதப்பட்டவர் விசுவாசமற்றவராக நடந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லவ்ஸ்கா சாட்சி. ஏழு தனிநபர் ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற அவர், 1968இல் சீர்திருத்த அறிக்கையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மெக்சிக்கோவில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவருக்கு உரிய வேலையும் பயண அனுமதியும் மறுக்கப்பட்டன. 1989 புரட்சிக்குப் பின்னரே ஜனாதிபதி ஹாவெலின் ஆலோசகராகவும் தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவராகவும் மீண்டார். கொமனேச்சியையும் ருமேனிய இரகசியப் பொலிசார் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தனர். அரசின் கவனம் என்பது பாதுகாப்பாகவும் இருக்கலாம், காவலாகவும் இருக்கலாம்.

மற்றொரு குறை, இந்த ஏற்பாடு முதல் வரிசைக்கு மட்டுமே பயன்படுவது. 2001 பல்கலைக்கழக உலக விளையாட்டில் தங்கம் வென்ற சீனாவின் ஜாங் ஷாங்வு, காயத்தால் விலகி, 2011இல் பெய்ஜிங் வீதிகளில் வித்தை காட்டிப் பிச்சையெடுத்தது உலகச் செய்தியானது. சிறு வயதில் பாடசாலையிலிருந்து பிரித்துப் பயிற்சிக்கூடத்தில் வளர்க்கப்பட்ட ஒருவருக்கு, கூடத்துக்கு வெளியே என்ன தொழில் தெரியும் என்ற கேள்வியை அச்செய்தி எழுப்பியது. இலங்கையிலும் அரசின் வாக்குறுதி உறுதியானதாக இருந்ததில்லை. சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்க, தமக்கான கொடுப்பனவு நிறுத்தப்பட்டதாகக் கூறி 2017இல் பதக்கத்தையே விற்கப்போவதாக அறிவித்தார்.

அடையாளத்தை இழத்தல்

நான்காவது விளக்கம் உளவியலிலிருந்து வருகிறது. 1980களில் ஆய்வாளர்கள் சிலர், முதியோர் ஓய்வு குறித்த கோட்பாடுகளை விளையாட்டு வீரர்களுக்குப் பொருத்தினர். ஓய்வை ஒருவகைச் சமூக மரணமாகவே வர்ணித்தோரும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜே கோக்லி 1983இலேயே இதை மறுத்து, விளையாட்டை விட்டு விலகுவது மறுபிறப்பாகவும் அமையலாம் என்று வாதிட்டார். 1990களில், ஒருவர் தம்மை வீரராக மட்டுமே எவ்வளவு தூரம் அடையாளம் காண்கிறார் என்பதை அளக்கும் வினாக்கொத்துகள் உருவாயின. தன்னை முழுவதும் விளையாட்டோடு ஒன்றாக்கிக்கொண்டவருக்கு விலகல் அதிகம் வலிக்கும் என்பது இவ்வகை ஆய்வுகளின் பொதுவான முடிவு.

ஜிம்னாஸ்டிக்குக்கு இது நன்கு பொருந்துகிறது. ஆறு வயதில் கூடத்துக்குள் நுழைந்தவருக்கு அதற்கு முந்திய ‘தான்’ ஒன்று நினைவில் இருப்பதே அரிது. ஆயினும் இவ்விளக்கம் பாரத்தை முழுவதும் தனிமனிதர் தோளில் வைத்துவிடும் அபாயம் கொண்டது. கெலெட்டியின் வாழ்வு இதற்கு எதிர்ச்சான்று. போரினால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவில்லை. நாசிகளின் இனப்படுகொலையில் தந்தையை இழந்தார். 1948இல் காயத்தால் போட்டியிட முடியவில்லை. 1956இல் ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்ட வேளையில் அவுஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்ட அவர், மறு ஆண்டு இஸ்ரேலுக்குச் சென்று அங்கு இவ்விளையாட்டை வளர்த்தெடுத்தார். அவருக்கு உதவியது மனத்திடம் மட்டுமல்ல. தம் அறிவுக்கு மதிப்புத் தந்து, கற்பிக்க இடம் தந்த ஒரு சமூகம் கிடைத்ததும்தான்.

குரலும் உரிமையும்

ஐந்தாவது நிலைப்பாடு மிக அண்மையது. 2018 ஜனவரியில் அமெரிக்க அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முன் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பேசினர். 2021 செப்டெம்பரில் பைல்ஸ் உள்ளிட்ட சாம்பியன்கள் அமெரிக்க செனட் சபையில் சாட்சியமளித்தனர். பிரித்தானியாவில் 2022 ஜூனில் வெளியான வைட் அறிக்கை, 400க்கும் மேற்பட்டோரின் முறைப்பாடுகளையும் கருத்துகளையும் ஆராய்ந்து, குழந்தையின் நலனுக்கு மேலாகப் பதக்கத்தை வைத்த பண்பாட்டைக் கண்டித்தது.

இவர்களின் வாதம் எளிது: சிறுவயதில் ‘வலிக்கிறது’ என்று சொல்லவும், சொன்னால் கேட்கப்படவும் உரிமையுள்ளவர், பிற்காலத்திலும் தம் வாழ்வைத் தாமே நடத்தக்கூடியவராக இருப்பார். 2021இல் டோக்கியோ அணி இறுதிப்போட்டியிலிருந்து பைல்ஸ் நடுவில் விலகியதும், மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் மூன்று தங்கங்களுடன் திரும்பியதும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன.

ஆனால் எல்லா வழக்குகளும் இவ்வளவு நேராக இல்லை. பிரான்சில் பிறந்து பயிற்சி பெற்ற கைலியா நெமூர், முழங்கால் சத்திரசிகிச்சைகளுக்குப் பின் திரும்புவது குறித்துப் பிரெஞ்சுச் சம்மேளனத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் தந்தையின் நாடான அல்ஜீரியாவுக்காகப் போட்டியிட்டார். 2024 பாரிஸில் சமனற்ற கம்பிகளில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு 17 வயது. இங்கே சிறுமியின் விருப்பமும் மருத்துவ எச்சரிக்கையும் எதிரெதிரே நின்றன. வெற்றி கிடைத்தது என்பதால் மட்டும் எச்சரிக்கை தவறு என்றாகாது. குரலுக்கு மதிப்பளிப்பது எங்கே தொடங்கி, வளரும் உடலைக் காப்பது எங்கே முடிகிறது என்பதற்கு இந்நிலைப்பாட்டிடம் இன்னும் முழுமையான விடை இல்லை.

தீபா கர்மாகர்: ஐந்து விளக்கங்களும் சந்திக்கும் வாழ்வு

தெற்காசியாவில் இவ்விளக்கங்களைச் சோதிக்க மிகப் பொருத்தமானவர் திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். 1993இல் பிறந்தவர், தந்தை பளுதூக்கும் பயிற்றுநர். தட்டைப்பாதம் என்ற குறையுடன் ஆறு வயதில் பயிற்சி தொடங்கினார். பிஸ்வேஸ்வர் நந்தி அவரை உருவாக்கிய பயிற்றுநர். 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டில் வால்ட்டில் வெண்கலம் வென்றார். இப்பதக்கம் பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அவரே. 2016 ரியோவில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாக, புரொதுனோவா தாவலைச் செய்து 15.066 புள்ளிகளுடன் நான்காமிடம் பெற்றார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டெயின்க்ரூபரின் புள்ளி 15.216. இடைவெளி 0.150.

அதற்குப் பின் வந்தவை கடினமான ஆண்டுகள். 2017இல் முழங்கால் தசைநார் சத்திரசிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகச் சவால் கிண்ணத்தில் தங்கத்துடன் மீண்டார். மீண்டும் முழங்கால் அவரைத் தடுத்தது. தடைசெய்யப்பட்ட ஹிஜெனமைன் என்ற பொருள் மாதிரியில் காணப்பட்டதால் 21 மாதத் தடை, 2023 ஜூலை வரை. தாம் அறியாமல் உட்கொண்டதாகக் கூறித் தண்டனையை ஏற்றார். 2024 மே மாதம் தாஷ்கண்டில், 30 வயதில், 13.566 புள்ளிகளுடன் ஆசிய வால்ட் சாம்பியனானார். அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி ஓய்வை அறிவித்தார். உடல் ஓய்வு கேட்கிறது, மனம் இன்னும் ஒப்பவில்லை என்ற பொருளில் பேசினார்.

இவ்வாழ்வை எந்த ஒரு விளக்கமும் தனியே அடக்கவில்லை. 30 வயதில் வந்த ஆசியப் பட்டம் வயதுக் கோட்பாட்டை மறுக்கிறது. அவருடைய முழங்கால், காயக் கோட்பாட்டை உறுதிப்படுத்துகிறது. பத்மஸ்ரீ, கேல் ரத்னா விருதுகள் அரசு தந்தவை. ஆனால் உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தையும் சரிபார்க்கும் அமைப்பு அவரைச் சுற்றிப் போதுமானதாக இருந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது. எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்றுண்டு. ரியோவிலிருந்து திரும்பிய கையோடு அவர் அரசியல் விஞ்ஞான முதுகலைப் பரீட்சை எழுதினார். புகழின் உச்சத்தில் கல்வியைக் கைவிடாதது, அவருடைய பிற்காலத்துக்கு இன்னொரு கதவைத் திறந்தே வைத்தது.

மூதூரிலிருந்து பார்க்கையில்

இக்கேள்வி கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூருக்கு ஏன் பொருந்தும்? ஜிம்னாஸ்டிக் தடையில்லாத பத்து ஆண்டுகளைக் கேட்கும் விளையாட்டு. மூதூரில் ஒரு தலைமுறைக்கு அந்தப் பத்து ஆண்டுகள் கிடைக்கவில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள். 2006 ஓகஸ்டில் போரும் பெரும் இடப்பெயர்வும். அப்போது ஆறு வயதாக இருந்த ஒரு சிறுமி, தீபா பயிற்சி தொடங்கிய அதே வயதில், முகாமில் வரிசையில் நின்றிருப்பாள். போரினால் தம் சிறந்த ஆண்டுகளை இழந்த கெலெட்டி 31 வயதில் ஒலிம்பிக்குக்கு வந்தது ஆறுதல் தரும் உதாரணம்தான். ஆனால் போருக்கு முன்பே அவர் தேசியத் தரத்திலான பயிற்சி பெற்றிருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலமும் அடுத்து வந்த பாலங்களும் திருகோணமலை நகரத்தை நெருங்கச் செய்துள்ளன. 2021இல் டோக்கியோவில் போட்டியிட்ட மில்கா கெஹானி டி சில்வா, ஒலிம்பிக்கை எட்டிய முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. தொடக்கவிழாவில் நாட்டின் கொடியை ஏந்தியவர்களில் ஒருவர். அவரது உயர்நிலைப் பயிற்சி ஜப்பானில் நடந்தது. ஆக, கிழக்கு மாகாணத்துப் பிள்ளை ஒருத்திக்கு இந்தப் பாதை பிறந்த ஊரையும், தாய்மொழியில் படிக்கும் பாடசாலையையும், வீட்டையும் விட்டு வெகுதூரம் போகும் பாதையாகவே அமையக்கூடும். மேற்கண்ட ஐந்து விளக்கங்களும் எச்சரிக்கும் ஆபத்துகள் அனைத்தும் இந்தத் தூரத்தில்தான் பெருகுகின்றன.

குடும்பங்களின் தயக்கமும் நியாயமானதே. அதைப் பின்தங்கிய மனப்பான்மை என்று ஒதுக்குவது தவறு. தயக்கத்தின் சில காரணங்களுக்குத் தீர்வு விதிகளிலேயே உண்டு. உதாரணமாக, கணுக்கால்வரை மூடும் முழுநீள உடை போட்டி விதிகளில் அனுமதிக்கப்பட்டது. டோக்கியோவில் ஜேர்மன் அணி அதை அணிந்தே போட்டியிட்டது. மூதூரின் முஸ்லிம் குடும்பங்களுக்கு இத்தகவல் எட்டவேண்டும். வேறு காரணங்களுக்கு, குறிப்பாகப் பிள்ளையின் பாதுகாப்புக்கும் படிப்புக்கும், நம்பத்தக்க உத்தரவாதம் தரவேண்டியவர்கள் விளையாட்டு அதிகாரிகள்.

கல்வி பிற்காலத்துக்கு என்ன தரும் என்பதற்குத் தமிழரிடமே பழைய உதாரணம் உண்டு. 1958 ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் பெற்றுத்தந்த யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் கல்வியாளராக நீண்டகாலம் பணிபுரிந்தார். ஓர் ஆண் தடகள வீரரின் அனுபவத்தை ஜிம்னாஸ்டிக் சிறுமிக்கு அப்படியே பொருத்த முடியாது. பாய்தலில் உச்சம் பிந்தி வருவதால் படிப்பை முடிக்க நேரம் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்கில் சாதாரண தரப் பரீட்சைக்கான ஆண்டுகளும் போட்டி உச்சத்துக்கான ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே இங்கே கல்வியைக் காப்பது தற்செயலுக்கு விடக்கூடிய விடயமல்ல; திட்டமிட்டே செய்யவேண்டியது.

மதிப்பீடு

மேற்கண்ட விளக்கங்களில் எதுவும் முற்றிலும் பொய்யல்ல, எதுவும் தனித்துப் போதுமானதுமல்ல. வயதும் காயமும் போட்டி வாழ்வு எப்போது முடியும் என்பதை ஓரளவு விளக்குகின்றன. முடிந்தபின் என்ன ஆகும் என்பதை அவை விளக்குவதில்லை. அரசின் ஆதரவு உதவக்கூடியது. அது நன்றிக்கடனாக மாறும்போது ஆளையே கட்டிப்போடுகிறது. உளவியல் விளக்கம் வலியைச் சரியாக இனங்காண்கிறது; வலியைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் மௌனமாகிறது. உரிமை சார்ந்த நிலைப்பாடே இக்கட்டுரையின் பார்வையில் மற்றவற்றைவிட அதிகம் விளக்குகிறது. முகினா, சுசோவித்தினா, பைல்ஸ் ஆகியோரிடையே காணும் வேறுபாட்டை, முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வியே நன்கு துலக்குகிறது. ஆனால் உரிமை மட்டும் சோறு போடாது. கெலெட்டிக்கும் தீபாவுக்கும் போல, கூடத்துக்கு வெளியேயும் மதிப்புப் பெறும் அறிவு அதனுடன் சேரவேண்டும்.

இம்முடிவு தற்காலிகமானது. இங்கே எடுத்தாளப்பட்ட வாழ்வுகள் எல்லாம் புகழ்பெற்றவர்களுடையவை. தேசியப் போட்டியில் ஏழாமிடம் பெற்று, முழங்கால் வலியுடன் வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான பெண்களின் பிற்காலம் தெற்காசியாவில் முறையாகப் பின்தொடரப்பட வேண்டியிருக்கிறது. பிந்திய வயதில் போட்டியிடும் இன்றைய தலைமுறையின் மூட்டுகளும் எலும்புகளும் 60 வயதில் எப்படி இருக்கும் என்பதைக் காலமே சொல்லவேண்டும். வளரும் பிள்ளையின் விருப்பத்துக்கும் வைத்தியரின் தடைக்கும் இடையில் இறுதிச்சொல் யாருடையது என்பதும் திறந்த கேள்வியே.

இக்கேள்விகள் தீரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. மூதூரில் நாளை ஒரு பயிற்சிக்கூடம் அமைந்தால், அதன் முதல் ஏற்பாடுகளில் தாய்மொழிக் கல்வி தடைப்படாத பயிற்சி நேரமும், பயிற்றுநரைச் சாராத வைத்தியரும், பெற்றோர் எவ்வேளையிலும் உள்ளே வந்து பார்க்கும் உரிமையும் இடம்பெற வேண்டும். இம்மூன்றும் பதக்கத்துக்கு உறுதி தரமாட்டா. பதக்கம் பெறாத பிள்ளைக்கும் பயன்படுவதால்தான் அவை முதலில் வரவேண்டும்.